வன்தட்டைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குதல்

பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் சில ஆண்டுகள் உழைத்த கணினி படிப்படியாக மந்தமடைவதை யாவரும் கண்டிருப்பர். வேண்டாத நிரல்கள் பெருகுவதும், பலர் கைமாறும் பென் டிரைவ்களின் வழியாக வைரஸ் புகுவதும் இதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை. மேலும், விண்டோஸ் 10 என்னும் இயக்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. ஆகவே, பல கணினிகளில் வேறு இயக்குதளத்தை நிறுவவோ, அவற்றை உபயோகத்தினின்று கழித்துவிடவோ நேர்ந்துள்ளது. இவ்விரு சமயங்களிலும் வன்தட்டைத் துடைத்தல் அவசியமாகிறது. ஆயினும், ஒன்றிற்குப் போதுமான முறை மற்றொன்றிற்குப் போதாது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்டில் எழுதப்படும் விதம்

வன்தட்டு அல்லது ஹார்ட் டிஸ்க் என்பது, அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தகடுகளின்மீது மெல்லிய காந்தப் படலம் பூசப்பெற்ற சாதனமாகும். தகடுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றிற்கு மிக நெருக்கமாக நகரும் முனை காந்தக் குறிகளாகச் செய்திகளைப் பதிக்கிறது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தன. அது கொண்டது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு இதைப்போல் பல லட்சம் மடங்கு கொள்கிறது.

இத்துணைப் பெரிய பரப்பில் எந்தக் கோப்பு எங்குள்ளது என்பதைக் காட்ட, தட்டிலேயே ஓர் அட்டவணை வைக்கப்படுகிறது. இது நூலகத்தின் அட்டைப் பட்டியலைப் போன்றது. நாம் ஒரு கோப்பை நீக்கும்போது, பட்டியலிலுள்ள அட்டை மட்டுமே எடுக்கப்படுகிறது. நூல் அலமாரியிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை, தக்க நிரலைக் கொண்டு அதனை மீட்டெடுத்தல் இயலும். ‘குவிக் ஃபார்மட்’ எனப்படும் விரைவு முறையும் இத்தகையதே. அது பழைய பட்டியலைக் களைந்து வெற்றுப் பட்டியலை வைக்கிறதேயன்றி, அலமாரியைக் காலி செய்வதில்லை. சில நொடிகளில் அவ்வேலை முடிவதன் காரணமும் இதுவே.

ஓர் ஆராய்ச்சி

இதனால் விளையும் அபாயத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கார்ஃபிங்கல், ஷெலாட் என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு புலப்படுத்தியது. பழைய பொருள் சந்தையில் அவர்கள் வாங்கிய 158 வன்தட்டுகளுள் 129 இயங்கும் நிலையில் இருந்தன. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. எஞ்சியவற்றிலிருந்து கடிதங்களும் ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்களும் கிடைத்தன. நம் பள்ளிக் கணினிகளில் மாணவரின் பெயர், சாதிச் சான்றிதழ், ஆதார் எண் ஆகியவையும், கள அலுவலர் கணினிகளில் பயனாளிகளின் வங்கிக் கணக்குப் புத்தக நகல்களும் இருத்தல் கூடும். அவற்றை நம்மை நம்பி ஒப்படைத்தோர், கணினி யார் கைக்குச் செல்கிறதென்பதை அறியார்.

துடைக்குமுன் செய்யவேண்டியவை

1. தேவையான கோப்புகள் யாவற்றையும் வெளித்தட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்நகல் வேறொரு கணினியில் திறக்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். சோதிக்கப்படாத நகலை நகலெனக் கொள்ளலாகாது.

2. யூனிகோடு பரவுமுன் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆவணங்கள் பாமினி, டாம், டாப் முதலிய எழுத்துருக்களில் இருக்கும. அந்த எழுத்துருக்களையும் உடன் நகலெடுக்காவிடில், பழைய வினாத்தாள்கள் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

3. தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புச் சாவியையும், விலைகொடுத்து வாங்கிய நிரல்களின் உரிம எண்களையும் தாளில் குறித்துக்கொள்க.

4. நிறுவுதலுக்கான பென் டிரைவை வேறு கணினியில் முன்னரே ஆயத்தம் செய்க. விண்டோஸிற்கு 8 ஜிகாபைட் அளவேனும் தேவை. அதில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

மீண்டும் நாமே உபயோகிப்பதாயின்

கணினி அதே அறையில் தொடர்ந்து இருக்குமாயின், நிறுவும்போது பழைய பிரிவுகளை நீக்கி, விரைவு முறையில் ஆயத்தம் செய்தலே பெரும்பாலும் போதும். விண்டோஸேயன்றி, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ போன்ற லினக்ஸ் வகைகளையும் நிறுவலாம். நிறுவியபின், முதலில் பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றி, அதன் பின்னரே நகலெடுத்த கோப்புகளை வைரஸ் சோதனை செய்து சேர்க்க வேண்டும். பழைய நிரல்களை நகலிலிருந்து கொண்டுவருதல் தகாது. அவ்வாறு செய்யின், வெளியேற்றிய நோயை மீண்டும் வீட்டிற்குள் அழைத்ததாகும்.

பிறர் கைக்குச் செல்வதாயின்

கணினி ஏலத்திற்கோ நன்கொடையாகவோ செல்லுமாயின், தட்டு முழுவதும் மேலெழுதப்படுதல் இன்றியமையாதது. விண்டோஸ் விஸ்டாவிலும் அதன்பின் வந்தவற்றிலும், விரைவு முறையை விடுத்து முழு ஃபார்மட் செய்தால், அப்பிரிவு முழுவதும் சுழியங்களால் நிரப்பப்படும். தட்டில் பல பிரிவுகள் இருப்பின் ஒவ்வொன்றையும் அவ்வாறே செய்தல் வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதப்பட்டால், 1 டெராபைட் தட்டிற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். பலமுறை மேலெழுதவேண்டும் என்ற கருத்து முன்னர் நிலவியது. ஆயின், காந்தத் தட்டிற்குப் பொதுவாக ஒருமுறையே போதுமென்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் தன் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியுள்ளது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் சாதனங்களின் இயல்பு வேறு. இவற்றில் சுழலும் தகடு இல்லை. சிப்புகளின் தேய்மானத்தைச் சமப்படுத்தும்பொருட்டு, எழுதும் இடத்தைச் சாதனமே மாற்றிக்கொண்டிருக்கும். ஆதலின், மேலெழுதினும் பழைய பகுதிகள் சில எஞ்சி நிற்றல் கூடும். இவற்றிற்கு உற்பத்தியாளர் அளிக்கும் அழிப்புக் கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

இயங்காத தட்டில் எதையும் மேலெழுத இயலாது. ஆனால் அதிலுள்ள செய்தி அழிந்துவிட்டதெனக் கொள்ளுதல் தவறு. தகடுகளை உருக்குலைத்தபின், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அதனை ஒப்படைத்தலே முறை.

இறுதியாக, இருப்புப் பதிவேட்டில் கணினி கழிக்கப்பட்ட தேதியை எழுதும்போது, அதன் வன்தட்டின் வரிசை எண்ணையும், துடைக்கப்பட்ட தேதியையும், முறையையும், செய்தவரின் கையொப்பத்தையும் சேர்த்தல் நன்று. அப்பதிவு இல்லாத கணினியை வாயிலைத் தாண்ட அனுமதிக்கலாகாது.