மான் சுமந்த பழி

மாட்டு மந்தையில் நோய் கண்டால், காட்டில் திரியும் மானின்மேல் ஐயம் விழுவது எளிது. அவ்வையத்தை ஆராயும் முறையையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மாடுகளின் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் அழற்சியை உண்டாக்கி, சினைமாடுகளுக்குக் கருச்சிதைவையும் விளைவிக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒன்று உண்டு. இந்நோய் 1950-களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தெளிவாக அறியப்பட்டது. இவ்வைரஸுக்கு ஒரு தீய குணம்: நோய் தணிந்த பின்னும் உடலை விட்டு நீங்காது, நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, விலங்கு தளர்வுறுங்கால் மீண்டும் வெளிப்படும். பின்லாந்து, சுவீடன், டென்மார்க் முதலிய நாடுகள் இந்நோயைத் தம் மந்தைகளினின்றும் அகற்றின. அங்கே காட்டு மான்களிடம் அவ்வைரஸ் தங்கியிருக்குமாயின், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமல்லவா?

ஆகவே மானின் குருதியைச் சோதிக்கிறார்கள். குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த ஊநீருடன் வைரஸைக் கலந்து, சற்று நேரம் வைத்திருந்து, கலங்களில் வளர்த்த உயிரணுக்களின்மேல் இடுவார்கள். ஊநீரில் எதிர்ப்பொருள் இருப்பின் வைரஸ் முடங்கும், உயிரணுக்கள் பிழைக்கும். இல்லையேல் அவை அழியும். முறை எளிதுதான். விடையைப் படிப்பதில்தான் சிக்கல்!

ஸ்காட்லாந்தில் செம்மான் கன்றுகளின் கண்நோயோடு தொடர்புடைய ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸ் பற்றிய ஆய்வு 1983-ல் வெளிவந்தது. பின்லாந்தின் கலைமான்களிடமிருந்து மற்றொன்று பிரிக்கப்பட்ட செய்தி 1986-ல் வந்தது. இவ்விரண்டும் மாட்டு வைரஸின் நெருங்கிய உறவுகள். உறவினரின் முகச்சாயல் ஒத்திருப்பதுபோல, இவற்றின் மேலுறைப் புரதங்களும் ஒத்திருக்கின்றன. மானின் சொந்த வைரஸால் தோன்றிய எதிர்ப்பொருள் மாட்டு வைரஸையும் பற்றிக்கொள்ளும். மாட்டுச் சோதனை ஒன்றை மட்டும் செய்தவர், குற்றமற்ற மானைக் குற்றவாளி என்பார்.

இதற்கொரு வழியுண்டு. ஒரே ஊநீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, இரு வைரஸ்களுக்கும் எதிரே நிறுத்துவார்கள். மாட்டு வைரஸை 8 மடங்கு நீர்த்தபோது வரையே தடுக்கும் ஊநீர், மான் வைரஸை 64 மடங்கிலும் தடுக்குமானால், மானுக்குத் தொற்றியது எது என்பது ஏறத்தாழ விளங்கும். ஏறத்தாழ என்றே சொல்கிறேன். வைரஸைப் பிரித்தெடுத்தோ அதன் மரபணுவைப் படித்தோ பார்த்த பின்னரே உறுதி கூறலாம். இளங்கன்றுகளிடம் இன்னும் விழிப்பு வேண்டும். தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்பொருளே அங்கே தென்படக்கூடும்.

மாட்டின் பொருட்டே தொடங்கிய கேள்வி மானின் நலத்துக்கும் பயன்பட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2009-ல் நார்வேயின் துரோம்ஸ் பகுதியில் கலைமான் மந்தையொன்றில் கண்நோய் பரவியது. ஆராய்ந்தபோது அகப்பட்டது மாட்டு வைரஸ் அன்று. கலைமானின் சொந்த வைரஸே.