அட்டை மாத்திரை – 11: ஐப்பசிக் காய்ச்சல்

காவிரித் தண்ணீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருப்பதை சென்னை ஐஐடிக்காரர்கள் கண்டுபிடித்த கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் நாகப்பட்டினத்து இறால் குட்டைகளுக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இறால் கொஞ்சம் காத்திருக்கட்டும். செவ்வாய்க்கிழமைக்குள் கட்டுரை வந்தாக வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன். நானோ இறாலை மறந்துவிட்டு ஒரு மழைக் கணக்கில் சிக்கிக்கொண்டு கிடக்கிறேன்.

ஃப்ளூ எந்த மாதத்தில் வரும்? குளிர்காலத்தில் என்று சொன்னால் அது லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும் சரி. நம் நாட்டில் இதைச் சரியாக எண்ணிப் பார்த்தவர்கள் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தின் மன்தீப் சத்தாவும் அவருடைய கூட்டாளிகளும். ஸ்ரீநகர், டெல்லி, லக்னோ, புனே, நாக்பூர், கொல்கத்தா, திப்ரூகர், ஆலப்புழை, சென்னை, வேலூர் என்று பத்து ஊர்களில் காய்ச்சல்காரர்களின் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து, எந்த மாதம் எவ்வளவு ஃப்ளூ என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டே வந்தார்கள். 2015இல் முடிவு அச்சானது. ஸ்ரீநகரில் மட்டும் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது ஐரோப்பா மாதிரி. டெல்லி, லக்னோ, புனே தொடங்கி ஆலப்புழை வரைக்கும் ஜூலையிலிருந்து செப்டம்பர். சென்னையிலும் வேலூரிலும் மட்டும் அக்டோபர், நவம்பர்!

ஆலப்புழையும் சென்னையும் ஒரு ராத்திரி ரயில் தூரம். நடுவில் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவம் அந்தப் பக்கம் கொட்டும்போது அங்கே ஃப்ளூ. காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து நம் பக்கம் அடைமழையாக இறங்கும்போது இங்கே ஃப்ளூ. குளிரைப் பார்த்து வரும் காய்ச்சல் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது, நம் ஊரில் மழையைப் பார்த்து வருகிறது. மழைக்காலத்தில் காய்ச்சல் வரும் என்று எந்தப் பாட்டியும் சொல்வாள், அதற்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்கலாம். பாட்டி சொன்னது எல்லாக் காய்ச்சலையும். இவர்கள் வைரஸைப் பிடித்துப் பெயர் கேட்டிருக்கிறார்கள்.

தஞ்சாவூர் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் சென்னைக்கு மழை கொண்டுவரும் அதே காற்றுதான் நமக்கும். ஐப்பசியில் டெல்டா எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குறுவை அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் ஈரப்பதம் குறையக் காத்துக் கிடக்கும். தாளடிக்கு நாற்றுப் பறித்துக் கட்டுக் கட்டாகச் சேற்றில் வீசியிருப்பார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் வரிசையாக நடவு நடுவார்கள். இதற்கு நடுவில் தீபாவளி வேறு. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நிற்க இடமில்லாத பஸ்ஸில் பிள்ளைகள் ஊருக்கு வந்து இறங்குவார்கள். ஒரு சுவாச வைரஸ் தானே உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இதைவிட நல்ல மாதம் அதற்குக் கிடைக்காது.

இனி மெடிக்கலுக்கு வாருங்கள். பாபநாசம் பக்கம் ஒரு கடைத்தெரு, மழை தூறிக்கொண்டிருக்கிறது. முழங்கால் வரை சேறு காய்ந்த ஓர் அம்மா.

“தம்பி, காச்சலுக்கு ஒரு செட்டு குடு. நல்ல மாத்திரையா குடு.”

“எத்தன நாளாக்கா?”

“நேத்து ராத்திரிலேருந்துதான். நாளைக்கு நடவு இருக்குப்பா. நின்னுரணும்.”

கத்திரிக்கோலால் பாராசிட்டமால் நாலு, சளிக்கு செட்டிரிசின் ரெண்டு. பிறகு மேல்தட்டிலிருந்து அந்த மூணு மாத்திரை அட்டை: அசித்ரோமைசின் 500. எல்லாம் ஒரு காகித உறைக்குள் போய்விட்டது, அதன் மேல் பேனாவால் மூன்று கோடு. நூறு ரூபாய்க்குள் முடிந்த வைத்தியம். டாக்டரிடம் போயிருந்தால் ஃபீஸ் மட்டுமா, அரை நாள் கூலியும் போயிருக்கும். அந்த அம்மாவைக் குறை சொல்லி என்னால் ஒரு வரிகூட எழுத முடியாது. அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து. ஃப்ளூ வைரஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானே இறங்கும், பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். அடுத்த ஐப்பசியில் அந்த அம்மா அதையே பெயர் சொல்லிக் கேட்பார்.

இது பாபநாசத்துப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டு இந்தியத் தனியார் சந்தையில் விற்ற ஆன்டிபயாடிக்குகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. அதில் முதலிடம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைக்கு, இரண்டாமிடம் செஃபிக்சிம் 200க்கு. 2014 மார்ச்சில் மத்திய அரசு ‘ஷெட்யூல் ஹெச்1’ என்ற பட்டியலை அமலுக்குக் கொண்டுவந்தது. அதிலுள்ள 46 மருந்துகளில் எதை விற்றாலும் சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம் அந்தப் பட்டியலில் இருந்தது. அசித்ரோமைசின் இல்லை! அதுவும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துதான், ஆனால் பதிவேடு கிடையாது. பெரிய மீன் போகிற அளவுக்குப் பார்த்து வலையில் ஓட்டை விட்டிருக்கிறார்கள்.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. ஃப்ளூ வைரஸையே தாக்கும் ஒசெல்டாமிவிர் என்ற மருந்து ஒன்று உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது அதை ‘ஷெட்யூல் எக்ஸ்’ என்ற மகா கண்டிப்பான பட்டியலில் போட்டுப் பூட்டினார்கள். தனி லைசென்ஸ் உள்ள ஒரு சில கடைகளில் மட்டும் கிடைத்தது. 2017இல்தான் ஹெச்1க்கு இறக்கினார்கள். ஆக எட்டு வருடமாக, ஃப்ளூவுக்குக் கேட்கும் மருந்து பூட்டுக்குள்ளும் கேட்காத மருந்து மேல்தட்டிலும் இருந்தன.

ஃப்ளூ தடுப்பூசி பற்றிய விவாதம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. காய்ச்சலே வராவிட்டால் அட்டையே வாங்க வேண்டாமே என்பது ஒரு கட்சி. அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். 2000ஆம் ஆண்டு அங்கே ஆறு மாதக் குழந்தைக்கு மேல் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி இலவசம் என்று அறிவித்தார்கள். மற்ற மாகாணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஃப்ளூவை ஒட்டி எழுதப்படும் ஆன்டிபயாடிக் சீட்டுகள் அங்கே 64 சதவீதம் குறைந்திருந்தன. எதிர்க்கட்சியின் ஆயுதமும் லேசானதல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2018இல் பழைய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆரோக்கியமான பெரியவர்களில் 71 பேருக்கு ஊசி போட்டால் ஒருவருக்கு ஃப்ளூ தவிர்க்கப்படும் என்று கணக்குச் சொன்னது. தனியாரில் ஓர் ஊசி ஆயிரத்துக்குக் குறையாது. ஒருவரைக் காக்க எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல். அதுவும் வருடா வருடம்.

இரண்டு கணக்கும் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்டாரியோக்காரர் எண்ணியது சீட்டுகளை, காக்ரேன்காரர் எண்ணியது காய்ச்சல்களை. நம் ஊரில் சீட்டே இல்லாமல் விற்கிற அட்டையை யார் எண்ணுவது?

இதற்கு நடுவில் ஒரு சங்கதி. சொல்லாமல் போனால் தூக்கம் வராது. அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பென்சிலினைப் பற்றி எழுதிய முதல் கட்டுரை 1929இல் வந்தது. அதன் தலைப்பைப் பார்த்திருக்கிறீர்களா? பூஞ்சைச் சாறு பாக்டீரியாவைக் கொல்வது பற்றி என்று ஆரம்பித்து, ‘குறிப்பாக இன்ஃப்ளூயன்சா பாசிலஸைப் பிரித்தெடுக்க அதைப் பயன்படுத்துவது’ என்று முடியும். அன்று ஃப்ளூவுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று பலர் நம்பினார்கள். 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் கிளப்பிவிட்டது. அந்தக் கிருமியைப் பென்சிலின் கொல்லாது, பக்கத்தில் முளைக்கும் மற்றவற்றைக் கொல்லும். களை எடுத்த வயல் போல அது மட்டும் தட்டில் தனியாக நிற்கும். ஃப்ளெமிங் வேலை பார்த்தது ஆல்ம்ரோத் ரைட்டின் தடுப்பூசித் துறையில். ஊசி மருந்து தயாரித்து விற்றுத்தான் அங்கே சம்பளம். ஆகவே உலகின் முதல் பெரிய ஆன்டிபயாடிக் பார்த்த முதல் உத்தியோகம், ஃப்ளூ தடுப்பூசி என்று நம்பப்பட்ட ஒன்றுக்குக் கிருமி சுத்தம் செய்து கொடுத்தது! இந்த ரைட் 1898இல் பிளேக் கமிஷனில் உறுப்பினராக இந்தியாவுக்கு வந்தவர். இங்கிருந்த சிப்பாய்களுக்குத் தன் டைஃபாய்டு ஊசியைப் போட்டுப் பார்த்தவர். அதைத் தொடங்கினால் இந்த இதழ் போதாது.

ஃப்ளூவின் நிஜக் காரணமான வைரஸ் மனிதரிடமிருந்து பிடிபட்டது 1933இல். ஆனால் ஃபைஃபர் முழுக்கத் தப்பு என்றும் தள்ளிவிட முடியாது. வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிட்டுப் போகும், உரிந்த இடத்தில் பாக்டீரியா குடியேறும். 1918இல் இறந்தவர்களில் பெரும்பாலோரை முடித்தது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாதான். எனவே ஃப்ளூவுக்கு ஆன்டிபயாடிக்கே கூடாது என்று மைக் பிடித்துப் பேசுவதும் ஆபத்து. நாலாம் ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறினால், மூச்சு வாங்கினால், அப்போது அது உயிர் காக்கும். முதல் நாளே விழுங்கித் தீர்த்த மருந்து, கிருமிகள் அதற்குப் பழகிப்போய், அன்றைக்குக் கேட்காமல் போவதுதான் இந்தத் தொடர் முழுக்க நான் புலம்பிக்கொண்டிருப்பது. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவ சங்கமே அசித்ரோமைசின், அமாக்சிக்ளாவ் பெயர்களைச் சொல்லி, பருவக் காய்ச்சலுக்கு இவற்றை எழுதாதீர்கள் என்று தன் டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. மார்ச்சா, ஐப்பசி என்றாயே என்பீர்கள். தை, மாசியில் ஒரு சின்ன அலை வருவது உண்டு. கோவிட் வந்து காலண்டரையே கலைத்துப் போட்டது தனிக் கதை. புது வைரஸ் வந்தால் எந்தக் காலண்டரும் செல்லாது. 1957 மே மாதம், கத்திரி வெயிலில், சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்த கப்பலில்தான் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் இறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஐ.ஜி.கே. மேனன் கணக்கெழுதி வைத்திருக்கிறார். அடுத்த பிப்ரவரிக்குள் பதிவானவர்கள் 44,51,785 பேர், இறந்தவர்கள் 1,098 பேர். அந்தக் கடல் வழியில் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தையும் தொட்டுத்தான் போய்வரும் என்பது டெல்டாப் பெரியவர்களுக்குத் தெரியும்.

திரும்பி ஐப்பசிக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ ஊசியின் சேர்மானத்தை வருடத்துக்கு இரண்டு முறை முடிவு செய்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. தென் அரைக்கோளத்து ஊசி ஏப்ரல், மே வாக்கில் கைக்கு வரும். ஜூலையில் ஃப்ளூ வரும் டெல்லிக்கு அது பொருந்தும். நாம் அந்த ஊசியை சித்திரையில் போட்டுக்கொண்டால், ஐப்பசி வருவதற்குள் பாதி பலம் கரைந்திருக்கும். தீபாவளி முடிந்து ஊரெல்லாம் இருமும்போது போட்டால், உடம்பில் அது பிடிக்கவே இரண்டு வாரம். மேட்டூரை எந்தத் தேதியில் திறந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான், ஆனால் நாற்று கருகிய பிறகு கடைமடைக்கு வந்தால் யாருக்கு என்ன லாபம்? நமக்கான மாதம் ஆவணிக் கடைசி, புரட்டாசி. நாடு முழுக்க ஒரே மாதம் என்று எந்த உத்தரவு வந்தாலும் நாட்டின் ஏதாவது ஒரு பகுதிக்கு அது தப்பாகத்தான் இருக்கும்.

யாருக்குப் போடுவது? தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் ஃப்ளூ ஊசி கிடையாது. எல்லோருக்கும் போடு என்று நான் கேட்கவில்லை, அந்த 71 என்னை உறுத்துகிறது. கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள். இவர்களுக்குத்தான் ஃப்ளூ நிமோனியாவாகத் திரும்பும். இவர்களுக்குத்தான் பெரிய ஆன்டிபயாடிக்குகள் நரம்பு வழியாக ஏறும். ஆளைத் தேட வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களிடம் தெருவாரியாகப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. புரட்டாசியில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கிராம செவிலியர் ஒரு சுற்று வந்தால் போதும். கூடவே அசித்ரோமைசினையும் ஹெச்1 பதிவேட்டுக்குள் இழுத்தால், ஐந்து வருடத்தில் ஒன்டாரியோ மாதிரி எண்ணிப் பார்க்க நமக்கும் ஒரு கணக்கு கையில் இருக்கும்.

நடவுப் பெண்கள்? அவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஊசியைவிட, காய்ச்சல் கண்ட மூன்று நாளுக்குக் கூலி.

இடம் முடிந்தது. அடுத்த வாரம் கட்டாயம் இறால். வேதாரண்யம் பக்கத்துக் குட்டையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டியில் குளோராம்ஃபெனிகால் எச்சம் துளி தென்பட்டாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதே குட்டை இறால் நம் மார்க்கெட்டுக்கு வரும்போது எந்தக் கருவி அதைப் பார்க்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.