ஒன்பது நிமிடச் சோதனை

நாட்டில் ஒவ்வொரு நொடியும் செலவாகும் மின்சாரத்தின் அளவே உற்பத்தியும் இருத்தல் வேண்டும். இச்சமநிலையைக் காட்டும் நாடித்துடிப்பே அதிர்வெண். இந்தியாவில் அது நொடிக்கு 50 சுற்று. செலவு திடீரெனக் குறைந்தால் அது ஏறும், மிகுந்தால் இறங்கும். எல்லை மீறினால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாக விலகிவிடும். ஊர்கள் இருளில் மூழ்கும்.

மின்வலையின் உறுதியைப் பொறியாளர்கள் பெரும்பாலும் கணினி மாதிரிகளிலேயே சோதிப்பர். இயங்கும் வலையை வேண்டுமென்றே அசைத்துப் பார்க்க எவர் துணிவார்? 2020 ஏப்ரல் 5 அன்று அச்சோதனை தானே வந்து வாய்த்தது. கொரோனா ஊரடங்கின்போது, அன்றிரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடங்கள் வீட்டு மின்விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு பிரதமர் வேண்டியிருந்தார்.

அனல்மின் நிலையத்தை நினைத்தவுடன் அடக்க இயலாது. கொதிகலன் மெல்லவே தணியும். நீர்மின் நிலையத்திலோ நீர்வரத்தைக் குறைத்தாற் போதும். ஆகவே, முன்னதாகவே அனல் உற்பத்தியைத் தாழ்த்தி, நீர்மின் உற்பத்தியை உயர்த்தி வைத்துக் காத்திருந்தனர். குறையும் என மதிப்பிட்டது 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை. குறைந்ததோ ஏறத்தாழ 31,000! விளக்குகள் அணைய அணைய, நீர்மின் உற்பத்தி 17,000 மெகாவாட்டுக்கும் மேல் குறைக்கப்பட்டது. அவை மீண்டும் எரிந்தபோது விரைந்து உயர்த்தப்பட்டது. அகல் ஏற்றியோருள் பலர் இதனை அறியார். அன்றிரவு அதிர்வெண் 49.7-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது, வலை அறுபடவில்லை.