மண்ணுருண்டை வீடு

புரட்டாசி பிறந்ததும் வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வயலோரம் போகிறவர்கள் மின்கம்பியைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். நீலக்கறுப்பு முதுகு, செம்மண் நிறத் தொண்டை, பிளந்த வால்: தகைவிலான் வந்திருக்கும். தகைவு என்றால் களைப்பு. களைப்பில்லாதது என்று பேர் வைத்தவர் நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறார். சுமார் இருபது கிராம் உடம்பு. இமயமலையிலிருந்தும் அதற்கப்பால் மத்திய ஆசியா, சைபீரியாவிலிருந்தும் பறந்து வருகிறது. பறக்கும் பூச்சிதான் அதற்குச் சோறு. குளிர் வந்தால் அங்கே பூச்சி கிடைக்காது. பகலில் பயணம், போகிற வழியிலேயே சாப்பாடு.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இவை குளிர்காலம் முழுக்க ஏரிச் சேற்றுக்குள் தூங்குவதாக நம்பினார்கள். 1911-இல் இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டிவிட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பிடிபட்டது. எவ்வளவு தொலைவு போகிறது என்பதற்குக் கையில் சான்று கிடைத்தது அப்போதுதான்.

நம் ஊருக்கு வரும் இந்த விருந்தாளி இங்கே கூடு கட்டாது. அதன் வீடு வடக்கே. காஷ்மீரில் ஆட்கள் புழங்கும் வீட்டுக்குள்ளேயே உத்தரத்தில் கட்டும். நல்ல சகுனம் என்று விட்டுவிடுவார்கள். இங்கே கட்டுவது அதன் பங்காளி, கம்பிவால் தகைவிலான். செம்பழுப்பு உச்சந்தலை, பால்வெள்ளை வயிறு, வாலில் கம்பி போல நீண்ட இரண்டு இறகுகள். ஆண்டு முழுக்க நம்மோடுதான் இருக்கும்.

தண்ணீர் ஓடும் சிறு பாலத்தின் அடியில் குனிந்து பார்த்தால் கூடு தெரியும்: பாதியாக வெட்டிய கொட்டாங்கச்சியைச் சுவரில் ஒட்டினாற்போல. ஆணும் பெண்ணும் ஈரக்கரையில் இறங்கி, அலகு கொள்ளும் அளவுக்குச் சேற்றை அள்ளி வந்து, உருண்டை உருண்டையாக ஒட்டுகின்றன. அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் பாரம் தாங்காமல் விழும். அடிவரிசை காய்ந்த பிறகே மேல்வரிசை. நம் கொத்தனார் மண்சுவர் வைத்த கணக்கேதான். உள்ளே புல், மேலே மெத்தென்று இறகு. காய்ந்த கூட்டைத் தொட்டுப் பார்த்தால் உருண்டைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். குஞ்சு பறந்துபோன கூடுதானே என்று யாரும் தட்டிவிடாதீர்கள். அடுத்த முறை அதையே பூசி மெழுகிக் குடிவரும்.

கோயில் கோபுரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டு பறக்கும் உழவாரனையும் பலர் தகைவிலான் என்றே நினைக்கிறார்கள். உழவாரன் இறகையும் வைக்கோலையும் எச்சிலால் ஒட்டும். கம்பியில் உட்கார அதன் காலால் முடியாது.

மண்வீட்டுக்கு முதல் தேவை ஈரச்சேறு. வறண்டு கிடந்த நாகநதிப் படுகையில் வேலூர் மாவட்டப் பெண்கள் நூறுநாள் வேலையில் நீரூட்டக் கிணறுகளும் தடுப்பணைகளும் அமைத்தார்கள். தடுப்பணையில் நீர் தேங்கினால் கரையோரம் கொஞ்ச நாளாவது சேறு நிற்கும். கம்பிவாலுக்கு அலகளவு போதும்.