திரையில் விரியும் நாள்காட்டி

நுழையும்முன்

நாள்தோறும் கணினித் திரையில் பொத்தானை அழுத்துகிறோம்; பெட்டியில் எழுதுகிறோம்; பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்கிறோம். இவற்றை ஒருவர் உருவாக்கியிருக்கிறார் என்னும் எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் கருவி நம் மொழிக்கும் தொழிலுக்கும் பொருந்தாதபோதுதான் அவ்வெண்ணம் பிறக்கிறது. அத்தகைய வேளையில், வேண்டிய கருவியை நாமே வனைந்துகொள்ளும் முறையைச் சிவகாசி நாள்காட்டியின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

அச்சு நகரின் தேவை

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் பெயர்பெற்ற ஊர். 1920களின் தொடக்கத்தில் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அத்தொழிலை அங்கு வேரூன்றச் செய்தனர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. பட்டாசுப் பெட்டிக்கு மேலுறை வேண்டியிருந்தது. அத்தேவை அச்சுத்தொழிலை வளர்த்தது. தமிழக வீடுகளின் சுவர்களில் தொங்கும் நாள்காட்டிகளுள் மிகப் பல இவ்வூரில் அச்சானவை. வரும் ஆண்டுக்கான மாதிரித் தொகுப்புகளை ஆடிப்பெருக்கு நாளில் வெளியிடுவது இங்குள்ள வழக்கம்.

நாள்தாள் ஒன்றைக் கிழிக்குமுன் உற்றுநோக்குங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், இராகுகாலம், எமகண்டம் என எத்தனை செய்திகள்! இவற்றுள் ஒன்று பிழைபட்டாலும், அச்சிட்டு அனுப்பிய பின்னர்த் திரும்பப் பெற இயலாது. அத்தாளைப் பார்த்தே திருமண நாளைக் குறிக்கும் குடும்பங்கள் பல. ஆகவே, அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்ப்பவர், ஒரு மாதத்தின் எல்லாச் செய்திகளையும் ஒரே பார்வையில் காண வேண்டும். தவறு கண்டால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும்.

இப்பணிக்கென ஒரு மேசைக்கணினி மென்பொருளை நாம் எழுதுவதாகக் கொள்வோம். 'விண்டோஸ் ஃபார்ம்ஸ்' போன்ற கருவித்தொகுப்பில் ஆயத்த மாத நாள்காட்டி உண்டு. அதில் சில தேதிகளைத் தடித்த எழுத்தில் காட்டலாம். ஆனால், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் திதியையும் நட்சத்திரத்தையும் எழுத இடமில்லை. அதன் அடித்தளமான 'டாட் நெட்' நூலகத்தில் எபிரேய, இசுலாமிய, பாரசீக, தாய்லாந்து நாள்காட்டி முறைகள் இடம்பெற்றுள்ளன. தமிழ் மாத முறை இடம்பெறவில்லை. எனவே, நமக்கான நாள்காட்டியை நாமே உருவாக்க வேண்டியவர்களாகிறோம்.

கட்டுப்பாடு என்பது யாது?

பொத்தான், உரைப்பெட்டி, தேர்வுப்பெட்டி, பட்டியல் போன்று பயனர் கண்டும் தொட்டும் இயக்கும் திரை உறுப்புகளைக் கட்டுப்பாடுகள் என்பர். நிரலர் வழக்கில் இவை 'கன்ட்ரோல்' எனப்படும். ஒவ்வொரு கட்டுப்பாட்டிற்கும் மூன்று கூறுகள் உண்டு. அதன் நிறம், அளவு, அதன்மேல் உள்ள எழுத்து முதலியன பண்புகள். தன்னை மறைத்துக்கொள்ளுதல், மீண்டும் வரைந்துகொள்ளுதல் முதலியன செயல்முறைகள். 'என்னை அழுத்தினார்கள்', 'என்னுள் இருந்த மதிப்பு மாறிற்று' என அறிவிப்பவை நிகழ்வுகள்.

இவற்றுள் நிகழ்வே நுட்பமானது. வீட்டு வாயிலிலுள்ள அழைப்புமணியை எண்ணிப் பாருங்கள். அழுத்தியவர் யார், கதவைத் திறக்கப் போகிறவர் யார் என்பவற்றை மணி அறியாது. ஒலிப்பதோடு அதன் கடமை முடிகிறது. பொத்தானும் அவ்வாறே. அழுத்தப்பட்டதை அது அறிவிக்கும். அடுத்து நிகழ வேண்டியதை நிரலின் வேறொரு பகுதி முடிவு செய்யும். இவ்வாறு பொறுப்பு பிரிந்திருப்பதால்தான், ஒரே பொத்தான் வங்கி மென்பொருளிலும் அச்சக மென்பொருளிலும் மாற்றமின்றிப் பயன்படுகிறது.

வனைவதற்கு மூன்று வழிகள்

முதல் வழி, இருப்பதை விரித்தல். வெடிபொருள் விதிகள், 2008இன்படி வழங்கப்படும் உரிமத்தில், ஓரிடத்தில் வைத்திருக்கத்தக்க வெடிபொருளின் உச்ச அளவு குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பட்டாசுக் கிடங்கின் இருப்பைப் பதிவு செய்யும் மென்பொருளில் வெறும் உரைப்பெட்டியை வைத்தால், அது எதனையும் ஏற்கும். எண்ணுக்கு மாறாகச் சொல்லை எழுதினாலும் வாளாவிருக்கும். உரைப்பெட்டியின் இனக்குழுவிலிருந்து மரபுரிமம் பெற்று 'எடைப்பெட்டி' என ஒன்றை ஆக்குவோம். எழுதுதல், அழித்தல், வெட்டி ஒட்டுதல் ஆகியன தாய் உறுப்பிலிருந்து தாமாகவே வந்துவிடும். 'உச்ச அளவு' என்னும் பண்பையும், அதனை மீறும்போது எழும் நிகழ்வையும் மட்டும் நாம் சேர்த்தால் போதும். இங்கு ஒரு கவனம் தேவை. எண் அல்லாத விசைகளைத் தடுத்துவிட்டால் போதும் எனப் புதியவர் கருதுவர். வேறிடத்திலிருந்து படியெடுத்து ஒட்டப்படும் எழுத்து, விசையைத் தொடாமலே உள்ளே வந்துவிடும். ஆதலின், விசையை மட்டுமன்றி, பெட்டிக்குள் வந்து சேர்ந்த மதிப்பையே சோதிக்க வேண்டும்.

இரண்டாம் வழி, பலவற்றை இணைத்தல். பொருளின் பெயரைத் தெரிவு செய்யும் பட்டியல், எண்ணிக்கைக்கான பெட்டி, விலையைக் காட்டும் சிட்டை ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் கோத்து, 'கொள்முதல் வரி' என்னும் ஒரே கட்டுப்பாடாக்கலாம். வெளியே இருப்பவருக்குத் தொகை மட்டும் தெரிந்தால் போதும். உள்ளே உள்ள மூன்று உறுப்புகளும் மறைந்தே இருக்கலாம்.

மூன்றாம் வழி, வெற்றுப் பலகையில் தொடங்கி, ஒவ்வொரு கோட்டையும் எழுத்தையும் நாமே வரைதல். உழைப்பு மிகுந்த வழி இது. முன்னவை இரண்டும் உதவாதபோது மட்டுமே இதனை நாட வேண்டும். நாள்காட்டிக்கு இதுவே உரிய வழி.

கணிப்பு வேறு, வரைவு வேறு

தமிழ் மாதம் சூரியன் ஓர் இராசியிலிருந்து அடுத்த இராசிக்குச் செல்வதைக் கொண்டு பிறக்கிறது. அப்பெயர்ச்சி சூரிய மறைவுக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு. பின் நிகழ்ந்தால் மறுநாள். அதனால், மாதத்தின் நாள்கள் 29 முதல் 32 வரை அமையும். 'எந்த மாதமும் 31ஐத் தாண்டாது' என்று கருதி எழுதப்பட்ட நிரல், ஆனி 32ஆம் நாளைக் காணாமற்போக்கிவிடும். திதியோ நள்ளிரவில் மாறுவதன்று. பகலிலோ இரவிலோ எந்நேரமும் மாறலாம். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் நேரத்தில் வேறுபடுவதுண்டு.

இவற்றையெல்லாம் வரையும் கட்டுப்பாட்டுக்குள்ளேயே எழுதினால், பஞ்சாங்கத்தை மாற்றும்போது திரையையும் மாற்றி எழுத நேரும். ஆகவே, கட்டுப்பாடு தானே கணிப்பதில்லை. 'இந்நாளுக்குரிய செய்தி என்ன?' எனத் தரவுப் பகுதியைக் கேட்டு, பெற்றதை வரைகிறது.

வரைவதிலும் ஒரு நியதி உண்டு. அளவு மாறும்போது, 'மீண்டும் வரைக' என இயக்க முறைமை ஆணையிடும். எனவே, ஒருமுறை வரைந்து விட்டுவிடும் ஓவியம் போன்றதன்று இது. எக்கணமும் தன் நிலையை நினைவிலிருந்து மீட்டு வரைய வல்லதாக இருக்க வேண்டும். ஒரு கட்டம் மட்டும் மாறியிருந்தால் அக்கட்டத்தை மட்டும் வரைவது சிக்கனம். முழுப்படத்தையும் முதலில் நினைவகத்தில் வரைந்து, பின் திரைக்கு மாற்றினால் கண்சிமிட்டுவது போன்ற நடுக்கம் தோன்றாது.

வாரத்திற்கு ஏழு கட்டங்கள், ஆறு வரிசைகள் என 42 கட்டங்கள் வேண்டும். அச்சு நாள்காட்டியில், எஞ்சும் 30, 31ஆம் நாள்களை முதல் வரிசையின் வெற்றுக் கட்டங்களில் வைத்து இடத்தைச் சேமிப்பர். திரையில் நாள்கள் வரிசை பிறழாமல் ஓடுவதே வாசிப்புக்கு எளிது.

பயனர் ஒரு கட்டத்தைச் சுட்டும்போது, சுட்டிய புள்ளியின் தொலைவு மட்டுமே நிரலுக்குக் கிடைக்கும். ஒரு கட்டத்தின் அகலம் 80 புள்ளி, உயரம் 60 புள்ளி எனக் கொள்வோம். இடமிருந்து 250, மேலிருந்து 130 என்னும் இடத்தில் சுட்டினால், 250ஐ 80ஆல் வகுக்க ஈவு 3. 130ஐ 60ஆல் வகுக்க ஈவு 2. எண்ணுதல் சுழியத்தில் தொடங்குவதால் இது நான்காம் நிரல், மூன்றாம் வரிசை. அதாவது 18ஆம் கட்டம். ஞாயிற்றில் தொடங்கும் வாரத்தில், மாதம் புதன்கிழமை பிறந்திருந்தால் முன்னே மூன்று கட்டங்கள் வெறுமையாக இருக்கும். 18இலிருந்து 3ஐக் கழிக்க, சுட்டிய நாள் 15 எனத் தெளியலாம்.

தமிழ் எழுத்தும் கட்டமும்

'மத்தாப்பு' என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் ஐந்து. ஒருங்குறியிலோ அது ஒன்பது குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. புள்ளியும் துணைக்காலும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். 'ஐந்து எழுத்துகள் மட்டும்' என வரம்பிடும் பெட்டி, குறியீடுகளை எண்ணினால் இச்சொல்லைப் பாதியில் வெட்டிவிடும். வேறு மொழிக்கென வரிசையின் உயரத்தை அளந்து வைத்தால், 'கீ'யின் மேற்சுழியோ 'ழு'வின் கீழ்வளைவோ அறுபடலாம். ஆதலால், அளவை முன்னரே உறுதி செய்யாமல், எழுதவிருக்கும் சொல்லை அளந்து, அதற்கேற்பக் கட்டத்தை விரிக்க வேண்டும்.

> தெரிந்து தெளிவோம்
> ஒருங்குறி பரவுமுன், பல எழுத்துருக்கள் தமக்கெனத் தனித்தனிக் குறியேற்றம் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் அச்சுக்கோத்த தமிழ், மற்றொன்றில் புரியாக் குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறியும் அனைத்து எழுத்துருத் தமிழ்க் குறியேற்றமும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன.

கண்ணுக்கு மட்டுமன்று

ஆயத்தப் பொத்தானுக்குத் தன் பெயரையும் வகையையும் நிலையையும் எடுத்துரைக்கும் இயல்பு உண்டு. பார்வை மாற்றுத்திறனாளர் பயன்படுத்தும் திரைப்படிப்பான் மென்பொருள் அதனைக் கேட்டே ஒலிக்கிறது. நாமே வரைந்த நாள்காட்டியில் அவ்வியல்பு தானாக அமையாது. கண்ணுள்ளவருக்கு 42 கட்டங்களாகத் தெரிவது, திரைப்படிப்பானுக்கு ஒரே வெற்றுப் பலகை. 'ஆனி 15, புதன்' என ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சொல்லுமாறு நிரலர் எழுதியாக வேண்டும். அம்புக்குறி விசைகளால் கட்டம்விட்டுக் கட்டம் செல்லவும் வழி வேண்டும். விடுமுறை நாளைச் சிவப்பு நிறத்தால் மட்டும் குறித்தால், நிறக்குறைபாடு உடையவர் அதனை அறியார். உடன் ஒரு குறியும் இடுவது நன்று.

இதனை விடுத்தாலும் நிரல் ஓடும், மென்பொருளும் விற்கும். ஆனால், அந்த அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பணிக்கு வரத்தக்க ஒருவர் அதனால் வாயிலிலேயே நிறுத்தப்படுவார். கட்டுப்பாட்டை வனைபவர் திரையை மட்டுமன்றி, அத்திரையின் முன் யார் அமரலாம் என்பதையும் முடிவு செய்கிறார்.

தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டியபோது சிவகாசி பிறர் கையை எதிர்பாராமல் அச்சு இயந்திரத்தைத் தன் ஊருக்குக் கொணர்ந்தது. நம் மொழிக்கும் தொழிலுக்கும் பொருந்தும் கருவி இல்லையெனில், அதனை ஆக்கும் அறிவைப் பெறுவதே நாம் மேற்கொள்ளத்தக்க வழி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு நாள்தாளிலுள்ள செய்திகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் கணித்துப் பெறுபவை எவை, அச்சகத்தார் தாமே சேர்ப்பவை எவை எனப் பிரித்து எழுதுக.
2. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் தமிழ் எழுத்து அறுபட்டோ நெருங்கியோ தோன்றும் இடத்தைக் கண்டறிந்து, அதற்கான காரணத்தை வகுப்பறையில் விளக்குக.
3. கண்களை மூடிக்கொண்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு நாள்காட்டியை இயக்க வேண்டுமெனில், அது உங்களிடம் என்னென்ன சொல்ல வேண்டும்? குழுவாகக் கலந்துரையாடுக.