உறுமி ஏறிய இசைத்தட்டு

வைகாசி பிறந்துவிட்டால் சோழவந்தானில் காதுக்கு ஓய்வு கிடையாது. ஜெனகை மாரியம்மன் கோயிலில் கொடி ஏறியதும் 17 நாளும் பால்குடம், அக்கினிச்சட்டி, பூக்குழி, தேர் என்று ஒன்று மாற்றி ஒன்று. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை முடித்து வருகிறவர்களும், மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களும் வீடு போய்ச் சேர நேரமாகும். தெருமுனையில் உறுமி செட்டு வாசித்துக்கொண்டிருந்தால் யார் தாண்டிப் போவார்கள்?

உறுமியைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? நடுவில் இடுப்பு சிறுத்த மேளம். இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை அடிப்பதில்லை, தேய்ப்பார்கள். வளைந்த குச்சி ஒன்றைத் தோலின் மேல் வைத்து அழுத்தி இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல ஒரு முனகல் எழும். பேரே அதிலிருந்து வந்ததுதான். இனிமையான சத்தம் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது கிளம்பினால், அருள் வராதவர்களுக்கும் முதுகுத்தண்டு சிலிர்க்கும்.

அந்த முனகல் 2007-ல் லண்டனிலிருந்து வெளியான ஓர் ஆல்பத்தில் ஏறி உலகம் சுற்றியது. ஆல்பத்தின் பெயர் ‘கலா’. பாடியவர் மாதங்கி அருள்பிரகாசம், வெளியுலகத்துக்கு எம்.ஐ.ஏ., வீட்டுக்கு மாயா. கலா என்பது அவருடைய அம்மாவின் பெயர். லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அதற்கு முந்தைய ஆல்பமான ‘அருளர்’, ஈழத்தின் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அப்பாவின் பெயர். ஒரு தட்டு அப்பாவுக்கு, ஒரு தட்டு அம்மாவுக்கு.

இதை பங்க் ராக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால், கிடாரைக் கட்டிக்கொண்டு அழுகிற ரசிகர்கள் அடிக்க வருவார்கள். எம்.ஐ.ஏ. ஒரு இசைக்குழுவே இல்லை, தனி ஆள். ஆல்பத்தில் ராப் இருக்கிறது, டான்ஸ் இருக்கிறது, பம்பாய் டிஸ்கோகூட இருக்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் மாயாவை இசைக்குள் தள்ளிவிட்டது பங்க் வழி வந்த ஒரு குழுவின் ஆல்பமும், அதற்காக அவர்கள் போன சுற்றுப்பயணமும். அந்தக் கதை நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேசப்படவில்லை.

பங்க் பற்றி நாலு வரி. 1976, 77 வாக்கில் லண்டனில் வேலையில்லாத பையன்களும் பெண்களும் கிடாரைத் தூக்கினார்கள். சங்கீதம் படித்துத் தேறிவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும் என்கிற வழக்கத்தைத் தூக்கிப் போட்டார்கள். கிடாரில் மூன்று ஸ்வரக்கூட்டு (கார்டு) தெரிந்தால் போதும். குரல் கரகரத்தால் இன்னும் விசேஷம். ஆல்பம் வந்ததும் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? வைகையைத் தாண்டினால் தென்கரை, பாடகரும் நடிகருமான டி.ஆர். மகாலிங்கத்தின் ஊர். ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் அவரைப் பார்த்துப் பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவரைப் போன்றவர்களை ஆளாக்கியது நாடக மேடை. நாடகக் கம்பெனிகளோ பெட்டிபடுக்கையோடு ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டே இருந்தவை. சுற்றுப்பயணம் என்ற சொல் வேண்டுமானால் பத்திரிகைக்காரர்கள் கொடுத்ததாக இருக்கலாம்.

சரி, மாயாவிடம் வருவோம். 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையிலும் கொஞ்ச காலம் இருந்து, பத்துப் பதினோரு வயதில் அகதியாக மறுபடி லண்டன் வந்தவர். தெற்கு லண்டனில் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தார். செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தது சினிமா. பாட்டு அல்ல.

அந்தச் சமயத்தில் எலாஸ்டிகா என்ற குழு பெரிய பேரோடு இருந்தது. அதன் தலைவி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன். 1995-ல் வந்த முதல் ஆல்பம் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. கூடவே வம்பும் வந்தது. வயர், ஸ்ட்ராங்லர்ஸ் ஆகிய பழைய பங்க் காலத்துக் குழுக்களின் மெட்டைச் சுட்டுவிட்டார்கள் என்று பிரச்சினை கிளம்பி, கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். பிறகு போதை, ஆள் விலகல், இழுபறி. இரண்டாவது ஆல்பம் ‘தி மெனஸ்’ வருவதற்கு 2000 ஆகிவிட்டது. அதன் அட்டையை வடிவமைத்தவர் மாயா. அந்த ஆல்பத்துக்காகக் குழு அமெரிக்கா போனபோது, கேமராவைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்கக் கூடவே போனவரும் அவர்தான்.

ஆல்பம் சுமாராகத்தான் போனது. அடுத்த வருடம் குழுவே கலைந்துவிட்டது. இசை வரலாற்றில் அந்தப் பயணத்துக்கு அரைப் பக்கம்கூடக் கிடைத்திருக்காது, ஒரு சின்னப் பெட்டி மட்டும் இல்லாமலிருந்தால். எலாஸ்டிகாவுக்கு முன்னால் மேடை ஏறியவர் கனடாக்காரப் பாடகி பீச்சஸ். அவர் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் டிரம், பேஸ் எல்லாம் வரும். குழு வேண்டாம், கிடார் வேண்டாம், தனியாளாகவே மேடையை அதிர வைக்கலாம். நீயும் இதை முயன்று பாரேன் என்று அவர் மாயாவைத் தூண்டிவிட்டார். லண்டன் திரும்பியதும் ஜஸ்டினிடமிருந்த 505-ஐ வாங்கி வைத்துக்கொண்டு மாயா தட்ட ஆரம்பித்தார். 2003-ல் வந்த ‘கலாங்’ பாட்டில் ஜஸ்டினுக்கும் பங்கு உண்டு. 2005-ல் ‘அருளர்’. ஊர்வலத்தைப் படம் பிடிக்கப் போன பிள்ளை மேளத்தை வாங்கி மாட்டிக்கொண்டு வந்த கதை.

அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவில், டிம்பர்லேண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு செய்வதாக ஏற்பாடு. 2006-ல் விசா சிக்கலாகி, அமெரிக்காவுக்குள் நுழைய முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் வக்கீலை வைத்துவிட்டு வீட்டில் காத்திருப்பார்கள். மாயா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். எல்லாரும் ஆல்பம் போட்டுவிட்டுச் சுற்றுப்பயணம் போவார்கள். இவர் சுற்றுப்பயணம் போய்க்கொண்டே ஆல்பம் போட்டார். ‘கலா’வின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் அந்தந்த ஊர்த் தெருச் சத்தம் அப்படியே இருக்கிறது. அதனாலேயே சில பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், சந்தைக் கடைகள் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன.

சென்னையில் அவருக்கு ஏ.ஆர். ரகுமானின் ஸ்டூடியோ கிடைத்தது. உறுமிக் கலைஞர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். ‘பாய்ஸ்’ பாட்டைக் கேட்டால் அந்தக் கூட்டத்து அடி நெஞ்சில் வந்து விழும். ‘பேர்ட் ஃப்ளூ’ இன்னும் ஒரு படி மேலே. அதில் கலந்திருப்பது, 2003-ல் வந்த ‘ஜெயம்’ படத்தில் ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டு. லண்டன் விமர்சகர்கள் இதுவரை கேட்டிராத எதிர்காலச் சத்தம் என்கிற ரீதியில் எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பையன்களிடம் போட்டுக் காட்டினால், எந்தக் கோயில் கொடை என்று கேட்பார்கள்.

ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’ எனக்குப் பிடித்த குறும்பு. பங்க்குக்குப் பாட்டன் முறை ஆகிற பாஸ்டன் குழு ஒன்று, மாடர்ன் லவ்வர்ஸ். அவர்களுடைய ‘ரோட்ரன்னர்’ பாட்டின் வரிகளை மாயா தன் பாணிக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார். அடியில் ஓடுவது ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’. இளையராஜா 1991-ல் போட்டது. பண்ணைப்புரத்துக்காரரும் பாஸ்டன்காரரும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்து சீட்டில். ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்து ‘ஜிம்மி’யை அவர் எடுத்துப் பாடியது மட்டும் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. பப்பி லஹரி போட்டதில் இருந்த கிறுக்கு இதில் இல்லை.

பங்க் நேரடியாக வந்து உட்காருவது ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில். அதன் அடிமெட்டு, கிளாஷ் குழு 1982-ல் வெளியிட்ட ‘காம்பட் ராக்’ ஆல்பத்தின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. கிளாஷ் லண்டன் பங்க்கின் பெரிய வீட்டுப் பிள்ளைகள். ‘காம்பட் ராக்’ காலத்தில் அந்த வீட்டிலும் நிம்மதி இல்லை. சுற்றுப்பயணம் தொடங்கும் நேரத்தில் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் சொல்லாமல் கொள்ளாமல் பாரிசுக்குப் போய்விட்டார். டிரம் வாசித்த டாப்பர் ஹெடன் போதைப் பழக்கத்தால் வெளியேற்றப்பட்டார். அப்படியும் அந்த வருட அக்டோபரில் நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில், ‘தி ஹூ’ குழுவுக்கு முன்னால் வாசித்தார்கள். இன்னொரு விஷயம்: ஸ்ட்ரம்மருடைய அப்பா பிறந்தது நம் லக்னோவில். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர். மகன் பிறந்தது துருக்கியில்.

‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’, யாருக்கும் வேண்டாதவர்களைப் பற்றிய பாட்டு. ஆலை மூடிய ஊர்க்காரர்கள், குடியேறி வந்து விரட்டப்படுகிறவர்கள், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுப்போன பிள்ளைகள். 25 வருடம் கழித்து அதே கிடார் மெட்டின்மேல், விசா கிடைக்காத ஓர் ஈழத்துப் பெண், கள்ள விசா தயார் செய்கிறவளாக நடித்துப் பாடுகிறாள். குடியேறி வந்தவன் என்றாலே பணத்தைப் பறிக்க வந்தவன் என்று நினைக்கிறவர்களை நக்கல் செய்யும் விதமாக, பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும். நக்கல் எல்லாருக்கும் புரியவில்லை. 2007-ல் அமெரிக்க டி.வி.யில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் பாடியபோது துப்பாக்கிச் சத்தத்தை எடுத்துவிட்டு வேறு சத்தத்தை வைத்தார்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியதை அன்று டி.வி. பார்த்தவர்கள் கவனித்தார்கள்.

‘கலா’வுக்காக 2007-லும் 2008-லும் மேடை மேடையாகப் போனார். இரண்டாவது சுற்றுக்கு ‘மக்களா பணமா’ என்று வழக்குத் தலைப்பு மாதிரி ஒரு பெயர். அலைச்சல் ஆளைத் தின்றிருக்க வேண்டும். 2008 ஜூனில் அமெரிக்காவின் பானரூ விழா மேடையிலேயே, இதுதான் என் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒரு சினிமா டிரெய்லரில் வந்திருந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ அதற்கப்புறம்தான் பற்றிக்கொண்டது. அமெரிக்கப் பட்டியலில் நாலாவது இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் ஒலித்தது. அதே படத்துக்கு ரகுமானோடு சேர்ந்து செய்த ‘ஓ சாயா’ ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில், நிறைமாத வயிற்றோடு, ஜே-சி, கான்யே வெஸ்ட் வகையறாக்களுக்கு நடுவே நின்று ஆடினார். டாக்டர் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த தேதியே அன்றுதான். கடைசி நிகழ்ச்சி என்று சொன்னதெல்லாம் காற்றோடு போச்சு. நம் ஊர்க் கலைஞர்களும் வருடா வருடம் ‘இந்தத் திருவிழாவோட நிறுத்திக்கிறேன்’ என்பார்கள்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பட்நாயக்கின் பெயர் தெரிகிறது, இளையராஜாவைச் சொல்லவே வேண்டாம். ரகுமான் ஸ்டூடியோவில் வந்து அடித்துவிட்டுப் போன உறுமிக்காரர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் ஆல்பத்தைத் தலைகீழாகப் பாடுகிற ரசிகரும் விழிப்பார். இது மாயா மட்டும் செய்த தப்பில்லை. எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீசிலும் உபயதாரர் பெயர் இனிஷியலோடு கொட்டை எழுத்தில் இருக்கும். மேளக்காரருக்கு ‘உறுமி மேளம் முழங்க’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

போன வைகாசியில் ஒரு சாயங்காலம். செட்டுக்காரர்கள் டீக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் வைக்கோலைப் பற்ற வைத்து, உறுமித் தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். அறுபது வயதுக்குக் குறையாது. “அண்ணே, இதைக் கொஞ்சம் கேளுங்க” என்று என் இயர்போனை நீட்டினேன். துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு மாட்டினார். ‘பேர்ட் ஃப்ளூ’ ஓடியது. முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அரை நிமிஷத்தில் வலது கட்டைவிரல் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தது.

“யாரு செட்டுப்பா இது?”

“லண்டன்ல ஒரு அம்மா பாடுனது. நம்ம தமிழ்ப் பொண்ணுதான், யாழ்ப்பாணம்.”

“பாட்டைக் கேக்கல தம்பி. அடிக்கிறது யாரு?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “அடி சுத்தம். தேய்ப்பைத்தான் அமுக்கிட்டாய்ங்க. அது கேட்டாத்தான உறுமி?” என்றார். அதற்குள் சாமி புறப்பாடு என்று யாரோ குரல் கொடுக்க, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பத்தடி போவதற்குள் வளைகுச்சி தோலில் இறங்கிவிட்டது.