‘ஒய்’ இசைத்தொகுப்பு: நாற்பதாம் ஆண்டு மறுவெளியீடு

தி பாப் குரூப், பிரிஸ்டல், இங்கிலாந்து
வினைல் இசைத்தட்டு
முதல் வெளியீடு: ரேடார் ரெக்கார்ட்ஸ், 1979
மறுவெளியீடு: மியூட், 2019

பங்க் இசையின் சீற்றத்தைக் கைவிடாமல் அதன் எளிய வடிவத்தை மீறிச் சென்ற ‘போஸ்ட் பங்க்’ இசையின் துணிச்சலான சோதனைகளுள் ஒன்றான இத்தொகுப்பில், ஃபங்க் தாளமும் கட்டற்ற ஜாஸும் மார்க் ஸ்டூவர்ட்டின் அரசியல் ஆவேசக் குரலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பார்படாஸில் பிறந்த தயாரிப்பாளர் டெனிஸ் போவெல், குரலையும் கருவிகளையும் திடீரென விலக்கி, எதிரொலி சேர்த்து மீண்டும் நுழைக்கும் ஜமைக்காவின் ‘டப்’ முறையை இதில் கையாண்டு, ஒலிப்பதிவுக் கூடத்தையே ஓர் இசைக்கருவியாக்கினார்.

உறையில் காணப்படுவோர், உடலில் சேறு பூசிக் களிமண் முகமூடி அணிந்த பாப்புவா நியூ கினியின் அசாரோ மக்கள். படத்தை எடுத்தவர் போர்க்களப் படங்களால் புகழ்பெற்ற டான் மெக்கலின்.

மறுவெளியீட்டுக்கான தட்டு, லண்டன் ஆபி ரோடு கூடத்தில் அரைவேக முறையில் வெட்டப்பட்டது. மூலப்பதிவும் தட்டும் பாதி வேகத்தில் ஓடுவதால், வெட்டும் ஊசிக்கு இருமடங்கு நேரம் கிடைத்து, உயர் அதிர்வெண் ஒலிகள் வரிப்பள்ளத்தில் துல்லியமாகப் பதிகின்றன. நெருக்கமான ஒலியடுக்குகள் கொண்ட இத்தொகுப்புக்கு இம்முறை மிகவும் பொருந்துகிறது.